பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் நாள், சனிக்கிழமை. முந்தைய இரவு மாமல்லபுரத்தருகே புயல் கரையைக் கடந்திருந்தது. திருவண்ணாமலையில் காற்று தணிந்துவிட்டது, தூறல் தணியவில்லை. மலையுச்சி மேகத்துக்குள் இருந்ததால், தீபக் கொப்பரை எரிகிறதா அணைந்துவிட்டதா என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. செங்கம் சாலையில் பேருந்துகள் பகலிலேயே விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஓடின.

அன்று முற்பகலில், அச்சாலையோரத்துத் தகரக்கூரைப் பட்டறை ஒன்றில், வல்லரசு என்பவன் தன் மனைவி ஆதிலட்சுமியை இரும்புக் கம்பியால் அடித்து வீழ்த்தினான். சிறிது நேரத்தில் அவனது முகத்துக்கு நேரே ஒரு பேட்டரி வெடித்தது. அவனது வலக்கண் போயிற்று. கம்பியடியைப் பற்றி ஒருவரும் வியப்படையவில்லை. வெடித்ததைப் பற்றித்தான் ஊரும் கேட்டது, காவல்துறையும் கேட்டது. அது விபத்தா, அவள் செய்ததா? அந்த விடையைப் பொறுத்தே அவள் வெளியில் இருப்பதும் சிறைக்குப் போவதும் அமையும் என்ற நிலை. எதிர்வீட்டில் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டவற்றையும், ஆதிலட்சுமியும் பக்கத்துத் தேநீர்க்கடைத் தசரதனும் சொல்லக் கேட்டவற்றையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஆதிலட்சுமி அடி அண்ணாமலையில் பிறந்தவள். அவளுடைய தாய் கிரிவலப் பாதையில் பூ விற்றவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடை கூடையாகக் கட்டித்தர வேண்டியிருந்ததால், பள்ளிக்குப் போன காலத்திலேயே பார்க்காமல் பூக்கட்டும் விரல்கள் அவளுக்கு வாய்த்துவிட்டன. பத்தொன்பது வயதில் வல்லரசுக்கு மணம் செய்துகொடுத்தனர். அவன் வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவன், கைத்திறன் உண்டு. கோபமும் உண்டு. மணமான ஆண்டிலேயே, கேட்ட ஸ்பேனரை விட்டு வேறொன்றை எடுத்து நீட்டிய குற்றத்துக்காக, அதே ஸ்பேனரால் அவளது இடக்கைச் சுண்டுவிரலை உடைத்தான். அந்த விரல் இன்றும் மடங்காது.

அவள் தொழிலைக் கற்ற முறையும் அத்தகையதே. அவன் பானெட்டுக்குள் தலையை விட்டிருப்பான். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெளிச்சம் விலகினால் புறங்கையால் ஓர் அடி. கேள்வி கேட்டுப் பதில் வராவிட்டால் இன்னோர் அடி.

"பேட்டரிய கழட்டும்போது எதை முதல்ல எடுக்கணும்?"

"எர்த்தை."

"ஏன்டி?"

அதற்கு அவள் பதில் சொல்ல முடியாமல் நின்ற நாளில் கன்னத்தில் விழுந்த அடியின் தடம் ஒரு வாரம் இருந்தது. பதில் எளியதுதான். பேட்டரியின் இரு முனைகளுள் ஒன்று வண்டியின் உடற்பகுதியோடு, அதாவது பாடியோடு, இணைந்திருக்கும். அதுவே எர்த். அதை முதலில் கழற்றிவிட்டால், அடுத்த முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் தகரத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாற்றிச் செய்து ஸ்பேனர் தகரத்தில் பட்டுவிட்டால், பேட்டரியின் வலிமை முழுவதும் ஸ்பேனர் வழியாக ஒரே பாய்ச்சலாகப் பாயும்.

பின்னர் வல்லரசு ஒரு வேன் ஓட்டுநரை அடித்தான். ஹாரன் சரியாக ஒலிக்கவில்லை என்று அந்த ஆள் ஏளனமாக ஏதோ சொன்னாராம். டயர் நெம்பும் கம்பியால் விழுந்த அடியில் அவருடைய வலக்கை பயனற்றுப் போயிற்று. வல்லரசு வேலூர்ச் சிறைக்குப் போனான். பட்டறையை மூடிவிட்டுத் தாய்வீட்டுக்கு வருமாறு எல்லோரும் சொன்னார்கள். ஆதிலட்சுமி மூடவில்லை. வாடகை ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். முதலில் ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தனர். பிறகு வேலைக்கு வந்தனர்.

ஆசிரமப் பக்கத்தில் வாடகைக்குத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அக்காலத்தில் மிகப் பழைய மோரிஸ் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆதிலட்சுமி வழக்கப்படி மைனஸ் முனையை எர்த் என்று எண்ணி அதில் ஸ்பேனரைப் போட்டாள். ஸ்பேனர் தகரத்தில் பட்டதும் பொறி பறந்து மணிக்கட்டு வெந்தது. அவ்வண்டியில் பிளஸ் முனையே பாடியோடு இணைந்திருந்தது. அந்நாளைய வண்டிகள் சில அப்படித்தான் என்று அன்றுதான் அறிந்துகொண்டாள். அதன் பிறகு எந்தப் பழைய வண்டி வந்தாலும், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையைக் கையால் தடவிப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவதில்லை.

சிறையிலிருந்து வெளிவந்த வல்லரசு நேரே பட்டறைக்கு வந்தான். அவள் உள்ளே விடவில்லை. அன்று தொடங்கியது அடுத்த போர். ஒருநாள் அவளுடைய ஸ்கூட்டரைக் கல்லால் நொறுக்கினான். ஒருநாள் வாடிக்கையாளர் முன்னிலையில் அவளது கூந்தலைப் பற்றிச் சாலையில் இழுத்தான். அன்று அவள் கையிலிருந்த திருப்புளியை அவனது தொடையில் இறக்கினாள். இருவரும் ஒரே ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனதாகத் தசரதன் இன்றும் சொல்லிச் சிரிப்பான்.

"சண்டை போட்ட ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து போறாங்க, சார். ஆட்டோக்காரன் யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியாம முழிக்கிறான்!"

இந்நிலையில்தான் கீழ்பென்னாத்தூர் அப்பாதுரையின் லேண்ட்மாஸ்டர் வந்தது, மோரிஸ் வகையைச் சேர்ந்த பழைய கார். அப்பாதுரைக்கு நிலமும், மணிலா எனப்படும் வேர்க்கடலை வியாபாரமும் உண்டு. அவருடைய தந்தை ஓட்டிய வண்டி அது. மணிலா மூட்டைக் கிடங்கில் ஒரு தலைமுறையாகக் கிடந்தது. அதைத் தகடு வரைக்கும் பிரித்து, வர்ணமடித்து, மீண்டும் ஓடவைக்க விரும்பினார். தகட்டு வேலைக்காரர் கைவைப்பதற்கு முன்னர் மின்பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றித் தரவேண்டியது ஆதிலட்சுமியின் பொறுப்பு.

"யம்மா லட்சுமி, எலி தின்னது போக மீதி எது இருக்கோ அதைப் பாத்துக் கழட்டு. எலி ஜாஸ்தி, ஒயரு கம்மி" என்று சொல்லி வண்டியை விட்டுப்போனார்.

பிரித்தெடுக்கும் வேலையில் பேட்டரியை முதலிலேயே கழற்றிவிடுவது பொதுவழக்கம். ஆதிலட்சுமி அவ்வாறு செய்வதில்லை. எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே அறிந்துகொள்ள விரும்புவாள். ஆகவே பேட்டரி ஒன்றை மாட்டி, இரவுதோறும் அதற்குச் சார்ஜ் ஏற்றி, ஹாரன், விளக்குகள், வைப்பர் என ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அந்தக் காலத்து ஒயர்கள் பருத்தி நூல் சுற்றப்பட்டவை. சிவப்பும் பச்சையும் நீலமும் காலப்போக்கில் ஒரே பழுப்பாகிவிட்டிருந்தன. காகிதத்தில் எழுதி ஒட்டினால் எண்ணெய் பட்டு ஊறிப்போகும். எனவே அவள் பூக்கட்டும் நூலால் முடிச்சிட்டாள். ஒயரின் முனையில் ஒரு முடிச்சு வகை. அது சேரவேண்டிய பாகத்திலும் அதே வகை. கதம்பத்துக்கு ஒன்று, மரிக்கொழுந்துக்கு ஒன்று என அவளுடைய தாய் போட்ட முடிச்சுகளே முகப்பு விளக்குக்கும் டைனமோவுக்கும் அடையாளங்களாயின. கார்த்திகை பிறந்ததிலிருந்து இந்த வேலை நடந்தது. டிசம்பர் பத்தாம் நாள் காலையில் கடைசி முடிச்சையும் போட்டுவிட்டாள். இனிப் பேட்டரியைக் கழற்றவேண்டும். பிறகு ஒயர்களை உருவவேண்டும். கை கழுவிவிட்டுத் தேநீர் வாங்க எழுந்தாள்.

வாயிலில் வல்லரசு நின்றான். தலையிலிருந்து நீர் சொட்டியது. கையில் கம்பி.

"ஊட்டுக்காரன் வந்திருக்கேன். வான்னு ஒரு வார்த்தை வராதா?"

"வெளிய போயா. வேலை கெடக்குது."

"யாரு பட்டறையில யாருக்குடி வேலை?"

முதலடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த ஓசை தனக்கே கேட்டதாக அவள் சொன்னாள். இரண்டாவது அடி காதுக்கு மேலே. அவள் கம்ப்ரசரின் மீது மோதிச் சரிந்தாள், வாய் கிழிந்தது. கீழே கிடந்தவளை அவன் காலால் உதைத்தான். கூச்சல் கேட்டுத் தசரதன் டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தான்.

"டேய் வல்லரசு! செத்துடப் போறாடா!"

"நீ யார்ரா? உள்ள வந்த, மண்டைய பொளந்துடுவேன்."

தசரதன் உள்ளே வந்தான். கம்பி அவனது முன்கையில் இறங்கியது. வடிகட்டி ஒருபுறம் தெறிக்க, அவன் ஒருபுறம் சேற்றில் விழுந்தான். எழுந்து வாயிலுக்கு வெளியே நின்றுகொண்டு, இடக்கையால் கைப்பேசியைத் தட்டிக் காவல்துறையை அழைத்தான். நான் குடையுடன் சாலையைக் கடந்து வந்தபோது அவன் என்னைத் தோளால் தடுத்தான். "போவாதீங்க சார், வெறி புடிச்சு நிக்கிறான்." அதன் பிறகு நடந்தவற்றை நாங்கள் இருவரும் வாயிலிலிருந்து கண்டோம்.

வல்லரசு வண்டியைச் சுற்றிவந்தான். திறந்திருந்த பானெட்டுக்குள் வெள்ளை வெள்ளையாக முடிச்சுகள் தெரிந்தன.

"இன்னாடி இது? வண்டிக்கு மாலை கட்டி வெச்சிருக்க? மாப்ள அழைப்பா?"

சிரித்தான். கருவிப் பலகையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தான். முகப்பு விளக்கின் முடிச்சை நறுக்கினான், ஹாரனுடையதை நறுக்கினான், அவளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக நறுக்கினான். சிலவற்றை ஒயரோடு சேர்த்தே வெட்டினான். வெட்டிய நூல்களை அள்ளி அவளது முகத்தில் எறிந்தான்.

"அப்பாதுரைகிட்ட சொல்லிட்டேன். இனிமே இந்த வண்டிய நான்தான் பாக்கப் போறேன். பேட்டரிய கழட்டிட்டு, கயிறு கட்டி இழுத்துக்கினு போறேன். தடுக்கிறவன் தடுங்கடா!"

அது பொய். அப்பாதுரை அவனைக் கண்டதே இல்லை.

பேட்டரியின் அருகே குனிந்தான். கையில் எடுத்த ஸ்பேனர் பெரிது. நட்டில் நிற்காமல் சுழன்றது. பலகைக்குத் திரும்பிப் போனான். ஒன்றை எடுத்தான், வைத்தான்; நீளமான வேறொன்றை எடுத்தான். எண்ணெய்ப் பிசுக்கை லுங்கியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே பேசினான்.

"எர்த்தை முதல்ல எடுக்கணும். ஞாபகம் இருக்குதாடி? யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?"

ஆதிலட்சுமி கிடந்த இடத்திலிருந்து பேட்டரி தெரிந்தது. பிளஸ் முனையிலிருந்து பாடிக்குப் போகும் செம்புப் பட்டையும் தெரிந்தது. அவனது கை மைனஸ் முனையை நோக்கிப் போவதும் தெரிந்தது.

"கேக்குறேன்ல? யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீதான்" என்றாள். கிழிந்த வாயிலிருந்து வந்தாலும் அச்சொல் வாயில்வரை கேட்டது.

"அப்படிச் சொல்லு" என்றவன் ஸ்பேனரை மைனஸ் முனையில் பொருத்தி ஒரு முறை திருப்பினான். ஸ்பேனரின் மறுமுனை பக்கத்துத் தகட்டில் முட்டியது.

வெண்மையான ஒளி வெட்டியது. ஸ்பேனர் தகட்டோடு உருகி ஒட்டிக்கொண்டது. கையை அவனால் உடனே எடுக்க முடியவில்லை. எடுத்தபோது உள்ளங்கைத் தோல் அதிலேயே தங்கிவிட்டது. கெட்ட சொல் ஒன்றைச் சொல்லியவாறு ஸ்பேனரைத் தட்டிவிடுவதற்காக இன்னும் குனிந்தான். அப்போதுதான் பேட்டரி வெடித்தது. இரவெல்லாம் சார்ஜ் ஏறியதால் அதற்குள் வாயு தேங்கியிருந்தது. மூடி கூரையில் போய் மோதியது. அமிலம் அவனது முகத்தில் அடித்தது.

அப்படியோர் அலறலை நான் கேட்டதில்லை. தசரதனும் நானும் அசையாமல் நின்றோம். அசைந்தவள் ஆதிலட்சுமி ஒருத்தியே. ஒரு கை தொங்க, மறு கையால் அவனது சட்டைக் காலரைப் பற்றித் தரையோடு இழுத்தாள். கூரை நீர் விழும் பீப்பாய் வெளியே நிறைந்திருந்தது. வாளியில் மொண்டு அவனது முகத்தில் ஊற்றினாள்; மீண்டும் மொண்டாள். கண் தெரியாத அவன், யார் ஊற்றுவது என்று அறியாமலோ அறிந்தோ, கைகளைச் சுழற்றி அடித்தான். ஓர் அடி அவளது முறிந்த தோளில் விழுந்தது. அவள் முழங்காலை அவனது மார்பில் ஊன்றி அழுத்தினாள்.

"கண்ண தொற! தொறடா கண்ண!"

இமையை விரலால் பிளந்து ஊற்றினாள். அவன் அவளது கட்டைவிரலைக் கடித்தான். கடித்த வாயிலும் நீர் ஊற்றினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு பீப்பாயின் மீதே சாய்ந்து மயங்கினாள். இடக்கண் பிழைத்ததற்கு அந்த நீரே காரணம் என்று மருத்துவர் கூறினார்.

மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வல்லரசு புகார் கொடுத்தான்: பேட்டரியை மாற்றி மாட்டிவைத்துத் தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்று. உதவி ஆய்வாளர் மதிவதனி விசாரணைக்கு வந்தார். இளம் அதிகாரி, கடிந்து பேசாதவர். வேன் ஓட்டுநரின் வழக்கு முதல் கூந்தலைப் பற்றி இழுத்தது வரை எல்லாவற்றையும் படித்துவிட்டே வந்திருந்தார்.

அவர் வருவதற்கு முன்பு ஆதிலட்சுமியின் கட்டிலைச் சுற்றி ஒரு சிறு மாநாடு நடந்தது. கையில் மாவுக்கட்டுடன் தசரதன். மணிலா மூட்டைகளை விட்டுவிட்டு ஓடிவந்த அப்பாதுரை. துணைக்கு வந்த நான்.

"நீ மாத்தி மாட்டுனேன்னு சொல்றது நிக்காதும்மா" என்றார் அப்பாதுரை. "வண்டி பொறந்ததுலேர்ந்தே அப்படி. எங்க அப்பா காலத்து ஆளுங்களுக்கெல்லாம் தெரியும். அதை நான் சொல்லிக்கிறேன். வக்கீல் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியான்னு கேப்பாங்க. அங்கதான் மாட்டுறது."

"மாட்டுனா இன்னா ஆவும்?" என்றாள் ஆதிலட்சுமி.

"கேஸு எழுதுவாங்க. உள்ள வெப்பாங்க. நீ உள்ள போயிட்டா பட்டறைய இடத்துக்காரன் வேற ஒருத்தனுக்கு விட்டுடுவான். வல்லரசு ஒத்தக் கண்ணோட வந்து கேட்டாலும் குடுத்துடுவான், பயந்துக்கினு."

தசரதன் குரலைத் தாழ்த்தினான். "லட்சுமி, ஒண்ணும் கஷ்டம் இல்ல. மயக்கமா கெடந்தேன், வாயில ரத்தம், ஒண்ணும் சொல்ல முடியல, நேரமே இல்லன்னு சொல்லிடு. முடிஞ்சிது. நீ அவன்கிட்ட 'நீதான்'னு சொன்னது என் காதுல விழல. சார் காதுலயும் விழல. விழுந்துச்சா சார்?"

ஆதிலட்சுமி என்னைப் பார்த்தாள். பிறகு தசரதனின் மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"கை எப்படிண்ணா இருக்கு?"

"டீ ஆத்துற கைம்மா. இனிமே ஒத்தக் கையில ஆத்தணும். அது கெடக்கட்டும். நான் சொன்னது வெளங்குச்சா?"

"வெளங்குச்சு."

மதிவதனி வந்து நாற்காலியில் அமர்ந்தார். முதலில் அடியைப் பற்றிக் கேட்டார், அவள் சொன்னாள். வண்டியைப் பற்றிக் கேட்டார். அப்பாதுரை முந்திக்கொண்டு சொன்னார். அவருடைய தந்தை யாரை யாரை ஏற்றிச் சென்றார் என்பதுவரை போனதால் மதிவதனி கையமர்த்த வேண்டியதாயிற்று.

"ஐயா, வண்டியோட ஜாதகம் போதும். அவங்க பேசட்டும்." ஆதிலட்சுமியின் பக்கம் திரும்பினார். "பிளஸ்தான் எர்த்துன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மேடம். முன்ன ஒருவாட்டி கைய சுட்டுக்கினேன்." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"அவனுக்குத் தெரியாதா?"

"இந்த மாதிரி வண்டி அவன் கைக்கு வந்ததில்ல."

மதிவதனி பேனாவை மேசைமீது வைத்தார். அவரது குரலில் வழிகாட்டும் தன்மை இருந்தது; அது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

"நீங்க அடிபட்டுக் கெடந்தீங்க. தலையில தையல், தோள் ஒடஞ்சிருக்கு. அந்த நெலமையில யாரா இருந்தாலும் ஒண்ணும் ஓடாது. அதை நான் எழுதிக்கிறேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு. அவன் பலகையில ஸ்பேனர் எடுத்துக்கினு வந்து மைனஸ்ல போட்டானே, அதுக்குள்ள, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு நேரம் இருந்துச்சா? இல்லதானே?"

தசரதன் இருமினான். அப்பாதுரை கூரையைப் பார்த்தார்.

"இருந்துச்சு, மேடம்" என்றாள் ஆதிலட்சுமி.